மெழுகுதிரிக் கோதில் செய்த தோட்டா

எங்கள் வீட்டில் ஒரேயொரு தோட்டாதான் இருந்தது. வயலில் ஒரேயொரு பன்றிதான் தொல்லை கொடுத்தது. என் வாழ்க்கையில் ஒரு விஷயம் இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தி வந்ததில்லை. அப்படியிருக்க, அந்தத் தோட்டாவை நான் இரும்பறுக்கும் வாளால் நெடுக்காக இரண்டாக அறுத்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஏன் அறுத்தாய் என்று கேட்டவர்களுக்கு மூன்று விதமான பதில்கள் வைத்திருந்தேன். ஆளைப் பார்த்து மாற்றிச் சொல்வேன். மூன்றுக்கும் ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். ஊரில் எனக்குப் பகிடிக்காரன் என்று பெயர். செத்தவீட்டிலும் சனத்தைச் சிரிக்க வைக்கிற ஆள் என்று சொல்வார்கள். அது புகழ்ச்சியில்லை என்று விளங்க எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

நான் தீவுக்காரன். மன்னார்ப் பட்டினத்தில், மீன்சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில், வள்ளத்து எஞ்சின் திருத்துகிற பட்டறை வைத்திருந்தேன். கதவைத் திறந்து விட்டால் கழுதைகள் நிழலுக்கு உள்ளே வந்து நிற்கும். எஞ்சினோடு வருகிறவர்களைவிட அவைதான் அதிகம். ஆனாலும் என்னிடம் ஒரு கடைசல் மெசின் இருந்தது. கடைசல் மெசின் வைத்திருக்கிறவனுக்கு ஒரு வருத்தம், தீராத நோய், உண்டு. உலகத்தில் எல்லாச் சாமானையும் தன்னால் செய்யலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

மனைவி பெருநிலத்துக்காரி. முசலிப் பக்கம். சீதனமாக இரண்டு ஏக்கர் வயலும், பிள்ளையில்லாமல் இறந்துபோன அவளுடைய மாமாவின் றைபிள் ஒன்றும் வந்தன. சுதந்திரம் கிடைத்த கையோடு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்கார நில அளவைக்காரர் மாமாவிடம் விட்டுப்போன துவக்கு அது. நல்ல மரப்பிடி. கண்ணாடி மாதிரிக் குழல். ஒரேயொரு குறை, அதற்குப் போடுகிற தோட்டா இந்த நாட்டில் வேறெந்தத் துவக்குக்கும் போடுகிற தோட்டா இல்லை. கொழும்புக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த இனத்தைத் தாங்கள் கண்ணால் கண்டு கனகாலம் என்று பதில் வந்தது.

மாமா வைத்துவிட்டுப்போனவை ஐந்து. முதலாவதை, வேலியில் கவிழ்த்து வைத்த மண்முட்டிக்கு அடித்தேன். முட்டி அப்படியே இருந்தது, பக்கத்துக் காணிக்காரரின் வாளி ஓட்டையானது. இரண்டாவதை முயலுக்கு அடித்தேன். முயல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது குளத்து முதலைக்கு. குளத்தில் பட்டது. நாலாவது, துவக்கைத் துடைக்கும்போது தானாகப் போய்க் கூரை ஓட்டை உடைத்தது. நான் குறி பார்க்காமல் ஒரு சாமானில் பட்டது அது ஒன்றுதான். மிஞ்சிய ஒன்றை மனைவி பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரத் துண்டுகளோடு சேர்த்து அலுமாரிக்குள் பூட்டி வைத்தாள்.

அது எழுபதுகளின் பாண் கியூ காலம். விடியப்புறமே பேக்கரி வாசலில் போய் நின்றாலும் பாதிப் பாணோடு வருகிற நாட்கள் உண்டு. கூப்பன் அரிசி குறைந்துவிட்டது. வேறு மாவட்டத்திலிருந்து அரிசி கொண்டுவந்தால் றோட்டில் பொலிஸ் மறித்து இறக்கும். வீட்டில் மூன்று பிள்ளைகள். மத்தியானம் மரவள்ளி, இரவும் மரவள்ளி. நான், "இண்டைக்கு என்ன மரவள்ளிப் பிரியாணியோ?" என்று கேட்பேன். முதல் கிழமை பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. கடைசிப் பிள்ளைக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. சோறு குடுங்கோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மருந்து எழுதுகிற மாதிரி.

அந்த வருடம் மாரிமழை பொய்த்தது. குளத்தில் இருந்த தண்ணீருக்குப் பாதி வயல்கள்தான் விதைத்தார்கள். அதில் எங்கள் இரண்டு ஏக்கரும் அகப்பட்டது. மனைவி ஒன்றரை மாதம் அங்கேயே தாய்வீட்டில் நின்று விதைத்து, களை பிடுங்கி, வரம்பு கட்டிவிட்டு வந்தாள். தை மாதம் கதிர் பால் பிடித்தது. "இன்னும் முப்பது நாள்," என்று அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். "முப்பது நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ."

அப்போதுதான் பக்கத்து வயல்காரர் பட்டறைக்கு வந்தார். அவர் முசலி முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறைக்கு நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். சைக்கிளைக் கழுதைக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, வந்தவுடனேயே சொன்னார்.

"தம்பி, உங்கட ஆள் வந்திட்டாரு."

"ஆர் நானா?"

"ஆரோ? எங்கட வீட்டில சமைக்காத ஆள். பேரை நான் சொல்ல மாட்டன், காலையில ஓதிப்போட்டு வந்தனான்."

விளங்கியது. பன்றி.

"தனியன். கண்டுக்குட்டியளவு உடம்பு. ஒரு காது கிழிஞ்சு தொங்குது. மைம்மல் பொழுதில, சூரியன் விழுந்த கையோட, பாலைமரத்துக்குக் கிட்ட வேலியைப் பிரிச்சுக்கொண்டு வாறாரு. ஒவ்வொரு நாளும் அதே வேலிப் பொட்டு, அதே ஓட்டை. நான் அடைக்கிறன், அவரு திறக்கிறாரு. அவரு திறந்தாப் பிறகுதான் மற்றதுகள், குஞ்சு குருமான் எல்லாம், கலியாண வீட்டுக்கு வாற மாதிரி வருதுகள். தகரம் அடிச்சாச்சு, பந்தம் கட்டியாச்சு. ஒண்டுக்கும் அசையிறாரு இல்லை. அவரை விழுத்தினா மற்றதுகள் இந்தப் போகம் முடியும் வரைக்கும் அந்தப் பக்கம் வராது."

"உங்கட துவக்கு என்ன செய்யுது?"

"துவக்கு சும்மா நிக்குது. தோட்டா கப்பலில வந்தாத்தானே? ரெண்டு மாசமா கடைக்காரன் கையை விரிக்கிறான். உங்களிட்ட ஒண்டு கிடக்காம். தங்கச்சி சொன்னா."

தங்கச்சி என்றது என் மனைவியை. அவள் தேத்தண்ணியோடு பட்டறைக் கதவடியில் நின்றாள்.

"அந்தத் துவக்கை என்னட்டத் தாங்க," என்றார் நானா. "இருவது அடியில நிக்கிறாரு. ஒண்டு போதும். நான் பாத்துக்கொள்ளுறன்."

நானா மான் அடித்தவர். காட்டுக்குள் பொழுதைக் கழித்தவர். அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது, மனைவியிடம் அலுமாரித் திறப்பை வாங்கி, தோட்டாவை எடுத்து அவர் கையில் கொடுப்பது மட்டும்தான். நான் சொன்னது இது:

"லைசன்ஸ் என்ர பேரில கிடக்கு நானா. வேற ஆள் சுட்டாப் பிழை. நானே வாறன்."

"நீங்களோ?" என்றார் நானா. பிறகு அது மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். "சரி. அப்ப சனிக்கிழமை வாங்க. நான் பரண் கட்டி வைக்கிறன்."

மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை முழுக்க நான் ஒரு எஞ்சினையும் தொடவில்லை. வியாழக்கிழமை காலை, மனைவி சந்தைக்குப் போன நேரம், அவள் வைத்துவிட்டுப்போன திறப்பால் அலுமாரியைத் திறந்து தோட்டாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். கையில் வைத்துப் பார்த்தேன். பித்தளைக் கோது, அதாவது கூடு, அடி அகலம், கழுத்து ஒடுக்கம், நுனியில் ரவை என்கிற ஈயக் குண்டு. இவ்வளவுதானே? அடி அகலமான வேறொரு பித்தளைக் கோதை எடுத்துக் கழுத்தை நெருக்கினால் இது வந்துவிடுமே? ஒன்றை வைத்துக்கொண்டு சுட்டால் ஒரு தரம்தான். அதைத் திறந்து அளவெடுத்துவிட்டால், போகம் போகமாகச் சுடலாமே? என் தலைக்குள் இது ஒரு பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்பு மாதிரி எரிந்தது.

ரவையைக் கழற்றினேன். மருந்தைக் கடதாசியில் கொட்டினேன். கோதை வைசுக் கிடுக்கியில் இறுக்கி அறுத்தேன். உள்ளே பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் பித்தளை. எந்தக் கோதின் உள்ளும் அப்படித்தான் இருக்கும் என்று எந்தக் குழந்தையும் சொல்லியிருக்கும். அந்த நேரம் ஒரு கழுதை கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அதோடு வாடைக்காற்றும் வந்தது. கடதாசியில் இருந்த மருந்து காற்றோடு போய்விட்டது.

கழுதையைத் திட்டினேன். அது என்னை நின்று பார்த்தது. அந்த முயல் பார்த்த மாதிரியே.

அன்று பின்னேரம் சிலாவத்துறை பஸ் கண்டக்டரிடம் நானாவுக்கு ஒரு செய்தி சொல்லி விட்டேன். "சனிக்கிழமை வரேலாது. ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கோ. ஒண்டில்லை, ஒரு பெட்டித் தோட்டாவோட வாறன்."

இனிக் கோதுக்கு எங்கே போவது? அதற்கு வெகுதூரம் போகத் தேவையிருக்கவில்லை. உலக யுத்த நேரம் கடற்கரையில் பட்டாளம் சுட்டுப் பழகின இடத்தில், மணலுக்குள் வெறுங்கோதுகள் கனகாலம் கிடந்தன. எங்கள் ஒழுங்கைக்காரர் அதைப் பொறுக்கி, புளி போட்டு மினுக்கி, வீட்டுப் புனிதர் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி குத்தி வைக்கப் பாவித்தார்கள். கழுத்து ஒடுக்கம் என்பதால் மெல்லிய மெழுகுதிரி இறுக்கமாக நிற்கும். எங்கள் வீட்டு அந்தோனியாருக்கு முன்னால் ஆறு கோதுகள் நின்றன. அவற்றின் அடி, நான் அறுத்த கோதின் அடியோடு பொருந்தியது. கழுத்து மட்டும் கொஞ்சம் பெரிது.

ஆறையும் எடுத்தேன். போதவில்லை. கழுத்தை நெருக்க நெருக்கப் பித்தளை வெடித்துக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுச் செபமாலை மாதாவிடம் நாலு வாங்கினேன். எதிர்வீட்டு யாகப்பரிடம் ஐந்து. "மினுக்கித் தாறன்," என்று சொல்லித்தான் வாங்கினேன். ஐந்து நாளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு புனிதருக்கும் வெளிச்சமில்லை. மனைவி மெழுகுதிரியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஒட்டி வைத்துச் செபம் சொன்னாள். செபம் முடிந்ததும் கேட்டாள்.

"அலுமாரிக்குள்ள கிடந்தது எங்க?"

"அளவெடுக்கிறன்," என்றேன்.

"அளவெடுத்தாப் பிறகு திருப்பி வைப்பீங்களோ?"

நான் ஏதோ பகிடி சொன்னேன். என்னவென்று நினைவில்லை. அவள் எழும்பிப் போனது நினைவிருக்கிறது.

பஸ் கண்டக்டர் ஒவ்வொரு நாளும் பட்டறைக்கு முன்னால் பஸ்ஸை மெல்ல விட்டுத் தலையை நீட்டிக் கத்துவார். நானா அனுப்புகிற செய்திகள்.

"அண்ணை! மேற்கு வரம்போட நிண்டதெல்லாம் போச்சாம்!"

அடுத்த நாள்: "நடுவுக்கு வந்திட்டாராம்! பெட்டி முடிஞ்சுதோ எண்டு கேக்கினம்!"

அதற்கடுத்த நாள் கண்டக்டர் கத்தவில்லை. இறங்கி வந்து கதவடியில் நின்று சொன்னார். "அண்ணை, அரைவாசி வயல் போயிட்டுதாம். நானா உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்."

அரைவாசி என்றால் ஒரு ஏக்கர். கடைசிப் பிள்ளை உள்ளே கட்டிலில் இருந்தது. கால் வீக்கத்தில் விரலால் அமத்தினால் பள்ளம் விழும், கன நேரத்துக்கு நிரம்பாது. நான் அந்தப் பள்ளத்தை அன்றைக்கு மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். பிறகு பட்டறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, பதினைந்து கோதில் வெடிக்காமல் மிஞ்சிய மூன்றையும் தோட்டாவாக்கினேன். வலையில் கட்டுகிற ஈயக்குண்டை உருக்கி ரவை செய்தேன். உள்ளே என்ன மருந்து போட்டேன் என்பதை எழுதமாட்டேன். எழுதினால் எங்கேயோ இன்னொரு மடையன் கடைசல் மெசினோடு இருப்பான்.

பார்வைக்குத் தோட்டா மாதிரித்தான் இருந்தன. ஒன்று கொஞ்சம் கோணல். ஒன்றின் கழுத்தில் மயிரளவு கீறல்.

இதற்குப் பிறகு நான் செய்ததை எங்கள் கரையில் பிறந்தவன்தான் செய்வான். எங்களில் ஒரு புதுச் சாமானும் மந்திரிக்காமல் கடலில் இறங்காது. புது வள்ளம், புது வலை, புது எஞ்சின், எதுவானாலும் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்துத்தான் எடுப்போம். என் பட்டறையில் செய்த ஒரு சின்ன ஆணியைக்கூட அப்படித்தான் அனுப்புவேன். இந்த மூன்றும் என் கையால் செய்தவை. எனக்கோ பயம். ஆகவே மூன்றையும் ஒரு பழைய தகரப் பேணிக்குள் போட்டு, மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

சுவாமி கதிரையில் சாய்ந்தபடி பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கொண்டந்தனீர்?"

தோட்டா என்று சொன்னால் மந்திரிக்க மாட்டார். "எஞ்சின் சாமான், சுவாமி."

"எந்த வள்ளத்துக்கு?"

"தூரத் தொழிலுக்குப் போறது, சுவாமி."

அவர் நல்ல மனிதர். தூரத் தொழில் என்றதும் முகம் மாறியது. முந்தின மாதம்தான் அப்படிப் போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. எழும்பி, தோளில் பட்டி போட்டுக்கொண்டு, ஒரு முழுச் செபம் சொன்னார். துணியை விலக்கிப் பார்க்கவில்லை. துணிக்கு மேலாலேயே தெளித்தார். தெளித்தது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, தீர்த்தச் செம்பைச் சரித்துப் பேணிக்குள் ஊற்றினார்.

"கடலுக்குப் போற பிள்ளையளுக்கு ஒண்டும் வரக்கூடாது," என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் மண்டியிட்டபடி இருந்தேன். ஆமென் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேணி சலக்குச் சலக்கென்று சத்தம் போட்டது. வந்து வெயிலில் காயவைத்தேன். மேல் காய்ந்தது.

அடுத்த நாள் மனைவியும் நானும் துவக்கோடு சிலாவத்துறை பஸ்ஸில் போனோம். அவள் தானாகவே புறப்பட்டாள். வழி முழுக்க மடியில் அரிவாளை வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வயலைப் பார்த்தபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. மேற்குப் பக்கம் முழுக்க உழுது போட்ட மாதிரி இருந்தது. கதிர் எல்லாம் சேற்றோடு சேறாக மிதிபட்டுக் கிடந்தது. சப்பித் துப்பின பால் கதிர்கள் புளித்து மணத்தன. கிழக்கில் ஒரு துண்டு மட்டும் நிமிர்ந்து நின்றது. மனைவி வரம்பில் குந்தி ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள், படுத்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

நானா பரணிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கிழமைத் தாடி. "பெட்டி எங்க தம்பி?"

மூன்றையும் காட்டினேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்துச் சூரியனுக்குப் பிடித்துப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தார்.

"இதென்ன, மெழுகுதிரி மணக்குது?"

"அது அந்தோனியாற்ற," என்றேன்.

"மாமா வச்சிட்டுப் போன அந்த ஒண்டு?"

"அதை வெட்டிட்டன் நானா. அளவுக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் வயலைப் பார்த்தாள். "அல்லாவே," என்றார் நானா, மிக மெதுவாக. "ஒரு ஆள். ஒரு தோட்டா."

சூரியன் விழுந்தது. மூவரும் பரணில் இருந்தோம். சொன்ன நேரத்துக்கு, சொன்ன பொட்டால், அவர் வந்தார். கிழிந்த காது ஆட, கந்தோருக்கு வருகிற பெரிய உத்தியோகத்தர் மாதிரி அவசரமில்லாமல் வந்தார். எங்களுக்கு நேரே இருபது அடியில், நிமிர்ந்து நின்ற அந்தக் கிழக்குத் துண்டின் ஓரத்தில் பக்கவாட்டாக நின்று முதல் கதிரை இழுத்தார். ஒரு சிறு பிள்ளை கல்லெறிந்தாலும் படுகிற தூரம்.

விசையை அழுத்தினேன். டிக்.

பன்றி தலையை நிமிர்த்தியது. திரும்பக் குனிந்தது.

இரண்டாவதைப் போட்டேன். அதுவும் டிக். எனக்கு வியர்வை கண்ணுக்குள் ஓடியது. நானா, "மெதுவா, மெதுவா," என்று காதுக்குள் சொன்னார். மூன்றாவது உள்ளே போகவில்லை. அது கோணல் தோட்டா. கையால் அடித்து ஏற்றினேன். விசையை அழுத்தினேன். புஸ் என்று, சோடாப் போத்தில் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். குழல் நுனியால் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. அதில் மெழுகுதிரி மணம் இருந்தது, பூசை முடிந்த நேரத்து மணம். ரவை குழலுக்குள்ளேயே இறுகிவிட்டது.

பன்றி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வேலிப் பொட்டால் மற்றவை வரத் தொடங்கின. பெரியவை, சிறியவை, முதுகில் கோடு போட்ட குட்டிகள்.

மனைவி பரணிலிருந்து குதித்தாள். நான் கூப்பிடுமுன்னரே முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டாள். அரிவாளை ஓங்கிக்கொண்டு, வார்த்தையில்லாத ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, அந்த மிருகத்துக்கு நேரே ஓடினாள். பதினெட்டு வருடமாக நான் கேட்காத குரல். நானா தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். "தங்கச்சி! கிட்டப் போகாத! தங்கச்சி, கொம்பு!" குட்டிகள் கலைந்தன. தனியன் பத்து அடி பின்வாங்கியது, நின்றது, அவளைப் பார்த்தது. அவள் சேற்றை அள்ளி அதன் முகத்துக்கு எறிந்தாள். திரும்பத் திரும்ப எறிந்தாள். நானா அவள் முந்தானையைப் பிடித்து வரம்புக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அவள் இன்னும் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் பரணில் இருந்தேன். கையில் துவக்கு இருந்தது. இறங்க வேண்டும் என்று தெரியும். இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை நானா துவக்கைத் தண்ணீர் வாளிக்குள் வைத்து ஊறவிட்டு, கனநேரம் கழித்துச் சிக்கின கோதைக் கழற்றினார். வெடிக்காத மற்ற இரண்டையும் வாளியில் போட்டுத் திறந்து பார்த்தார். உள்ளே மருந்து ஈரப் புட்டுமா மாதிரிக் கட்டியாகக் கிடந்தது. அதற்குள் ஒரு துண்டு மெழுகு.

"எப்பிடி நனைஞ்சுது?"

சொன்னேன். கோயில், சுவாமி, பேணி, எல்லாம். நானா சிரிக்கவில்லை. கழுத்தில் இருந்த கீறலை நகத்தால் தடவிக் காட்டினார்.

"நனையாம இருந்திருந்தா இது பின்பக்கத்தாலதான் வந்திருக்கும். நான் இப்ப வயலுக்குள்ள உங்கட மூக்கைத் தேடிக்கொண்டு திரிஞ்சிருப்பன். உங்கட சுவாமிக்கு ஒரு சலாம் சொல்லுங்க."

இது நல்ல பகிடி. நான்தான் வழக்கமாக இப்படிச் சொல்கிறவன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுவாமி வாசலில் என்னைப் பிடித்தார். "எஞ்சின் எப்பிடி ஓடுது?" என்று ஆவலாகக் கேட்டார். "தண்ணி போட்டுது சுவாமி," என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுவாமி சிரிக்கவில்லை. "பிள்ளையளுக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல எனக்கு இன்னும் ஆறு மாதம் எடுத்தது.

அடுத்த எட்டு நாளில் கிழக்குத் துண்டும் போனது. பச்சையாக நின்ற கரைகளை மனைவி அரிவாளால் அறுத்துக் காப்பாற்றினாள். முற்றுமுன்னரே அறுத்த நெல், பாதி பதர். எல்லாம் சேர்த்து ஒரு சாக்கு நிறையவில்லை. அதையும், அவளுடைய தாய்வீட்டுக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டிருந்த விதைநெல்லையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வயலில் வந்த நெல் பதினைந்து நாளில் முடிந்தது.

அதற்கடுத்த காலை எழும்பி வந்தபோது, மனைவி முற்றத்தில் விதைநெல்லை அவித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். விதைநெல்லை அவித்தால் என்ன அர்த்தம் என்று பெருநிலத்தில் பிறந்தவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த மாரிக்கு விதைக்க ஒன்றுமில்லை. அவள் தகப்பன் காலத்திலிருந்து வந்த நெல்லினம். கடைசிப் பிள்ளை பாயின் ஓரத்தில் இருந்து, காய்கிற நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் இன்னும் சிரட்டைதான் இருந்தது. நான் முற்றத்தில் குந்தி, நெல்லைக் கையால் பரவிக்கொண்டே சொன்னேன்.

"நான் நினைச்சது வேற. ஒண்டை வச்சு ஒரு பெட்டி செய்யலாம் எண்டுதான் வெட்டினனான். போகம் போகமா எங்களுக்குத் தோட்டாப் பயமில்லாம இருக்குமெண்டு. ஒண்டு சரியா வந்திருந்தா..."

அவள் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. கோபக் குரலில்கூடச் சொல்லவில்லை, பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்கள் செய்யிறதுக்கு வெட்டேல்லை. அது கிடந்தா நீங்கள் சுடவேணும். சுட்டாக் குறி பிழைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். நானாட்டக் குடுக்கவும் ரோசம். அதுதான் வெட்டினனீங்கள்."